பூமி அசைந்ததை எழுதி வைத்தவர்கள்: கெய்ரோவிலிருந்து பல்லேகலை வரை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6 மணி 58 நிமிடம் 53 செக்கனுக்கு, சுமாத்ராவுக்கு மேற்கே கடலடியில் பாறை பிளக்கத் தொடங்கியது. அங்கிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தூரத்தில், கண்டிக்குக் கிழக்கேயுள்ள பல்லேகலையில் ஒரு கருவி இருந்தது. நாலு நிமிஷம் ஆகுமுன் அது அந்த அதிர்வின் முதல் அலையைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பின் வந்த பெரிய அலைகள் அந்த இடத்து நிலத்தை 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏற்றி இறக்கின. அதாவது நாலு விரல் அகலத்துக்கும் கூடுதலாக. அலை மெதுவாக வந்து மெதுவாகப் போகும் வகை என்றபடியால் நம் பக்கத்தில் பெரும்பாலானோருக்கு அது தெரியவேயில்லை.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத்தான் கிழக்குக் கரையில் கடல் ஏறியது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி, பொத்துவில், கிண்ணியா, மூதூர் என்று நமது ஊர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே போகலாம். காலியில் அலை அடிக்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்பாந்தோட்டையில் அன்று ஞாயிறு சந்தை. சனம் நிறைந்திருந்த நேரத்தில் தண்ணீர் வந்தது. நாடு முழுதும் ஏறத்தாழ 35,000 பேர் மௌத்தானார்கள். ஆகக் கூடுதலான ஜனாஸாக்கள் அம்பாறை மாவட்டத்தில்.

பல்லேகலையில் பதிவு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "கரையை விட்டு ஓடுங்கள்" என்று கல்முனைக்கும் அம்பாந்தோட்டைக்கும் சொல்லுகிற ஏற்பாடு நாட்டில் இருக்கவில்லை. பூமியதிர்ச்சியைக் கவனித்து எழுதி வைக்கும் கலை எப்படி வளர்ந்தது, அதில் முஸ்லிம்களுடைய பங்கு என்ன, எழுதப்பட்டது எங்கே ஆளிடம் போய்ச் சேராமல் நின்றது என்பவற்றை இந்தக் கட்டுரை பார்க்கிறது. கருவியும் பதிவும் பாதி வேலைதான். அதைப் படிக்க ஓர் ஆளும், பரப்ப ஒரு வழியும் இருந்தால்தான் மீதிப் பாதி நடக்கும் என்பதை இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

கடிதங்களைச் சேர்த்த வைத்தியர்

பூமியதிர்ச்சி என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது குர்ஆனின் 99ஆவது சூராவான ஸில்ஸால். பூமி தன்னுடைய செய்திகளை எடுத்துச் சொல்லும் நாளைப் பற்றி அது பேசுகிறது. அந்த வசனத்தை இன்றைய அதிர்வுக் கருவிகளோடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மறுமை நாளைப் பற்றிய செய்தி. அதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் மரியாதை. நம் முன்னோர் செய்த வேலையைக் காட்ட அப்படி இழுக்க வேண்டிய தேவையும் இல்லை. அவர்கள் எழுதியவை கையில் இருக்கின்றன.

ஹிஜ்ரி 598 ஷஃபான் 26, கி.பி. 1202 மே மாதம். எகிப்திலிருந்து ஷாம் வரை பெரும் நிலம் குலுங்கியது. அப்போது எகிப்தில் இருந்த வைத்தியர் அப்துல் லதீஃப் அல்-பக்தாதி, அதிகாலையில் மக்கள் படுக்கையை விட்டுத் துள்ளி எழுந்ததையும் கட்டடங்கள் ஆடியதையும் எழுதி வைத்தார். அதோடு அவர் நிற்கவில்லை. ஹமாவிலிருந்தும் டமஸ்கஸிலிருந்தும் வந்த கடிதங்களையும் தன் நூலில் சேர்த்தார். ஓர் அதிர்வு எத்தனை தூரம் பரவியது, எங்கே கூடுதலாகச் சேதம் என்பதை அறிய வேறு வழி என்ன? பல ஊர்ச் செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புவிச்சரிதவியல் நிறுவனம் 1999ஆம் ஆண்டிலிருந்து "உங்களுக்கு அதிர்வு தெரிந்ததா?" என்று பொதுமக்களிடம் கேட்டுச் சேர்க்கிறதே, அதன் அடிப்படையும் இதுதான்.

அவருக்கு முன்னரே இப்னு ஸீனா தன் 'ஷிஃபா' நூலில் பூமியதிர்ச்சிக்குக் காரணம் தேடியிருந்தார். நிலத்துக்குள் அடைபட்ட ஆவி வெளியேற வழி தேடுவதால் நிலம் அசைகிறது என்ற கிரேக்கர் கருத்தை அவர் எடுத்துக்கொண்டார். அந்த விளக்கம் இன்று நிற்காது. ஆனால் பெரும் அதிர்வுகளில் நிலம் உயர்ந்து மலையாகலாம் என்று அவர் எழுதியது கவனிக்கத்தக்கது.

சுயூத்தி இமாமின் பட்டியல்

நமது மத்ரஸாக்களில் 'ஜலாலைன்' தஃப்ஸீர் ஓதியவர்களுக்கு இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) அவர்களுடைய பெயர் புதிதல்ல. 1445இல் கெய்ரோவில் பிறந்து 1505இல் மௌத்தான அந்த அறிஞர், 'கஷ்ஃபுஸ் ஸல்ஸலா அன் வஸ்ஃபிஸ் ஸில்ஸலா' என்று பூமியதிர்ச்சிக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. தனக்கு முந்தைய வரலாற்று நூல்களிலிருந்து அதிர்வுச் செய்திகளைப் பொறுக்கி, ஹிஜ்ரி ஆண்டு வரிசையில் அடுக்கினார். எந்த ஆண்டு, எந்த ஊர், எவ்வளவு சேதம் என்று. அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தப் பட்டியலைத் தொடர்ந்தார்கள்.

சுயூத்தி இமாம் விஞ்ஞானி அல்ல. தத்துவவாதிகள் சொன்ன ஆவிக் கதையை அவர் ஏற்கவில்லை. பூமியதிர்ச்சி அல்லாஹ்வின் எச்சரிக்கை என்றே நம்பினார். இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அல்லாஹ்வின் அடையாளம் என்று நம்பிய மனிதர், "அப்படியென்றால் விசாரிக்க என்ன இருக்கிறது" என்று இருந்துவிடவில்லை. அடையாளம் என்பதாலேயே தேதி தவறாமல் எழுதினார்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மௌத்தான அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டதும், மக்கள் இரண்டையும் சேர்த்துப் பேசியதும், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் திருத்தியதும் நாம் அறிந்த ஹதீஸ். சுனாமிக்குப் பின் "அந்த ஊர்க்காரன் செய்த பாவம்" என்று வாய்கூசாமல் பேசியவர்கள் அதை ஞாபகத்தில் வைத்திருந்தால் நல்லது. தண்ணீரில் மூழ்கி இறந்த முஃமினுக்கு ஷஹீதுடைய கூலி உண்டு என்பதும் ஹதீஸ்தானே.

சுயூத்தியின் பட்டியல் கெய்ரோவிலேயே கிடக்கவில்லை. 1843இல் அலோய்ஸ் ஸ்பிரெங்கர் என்ற அறிஞர் அதை ஆங்கிலத்தில் சுருக்கிக் கல்கத்தாவின் வங்காள ஆசியக் கழகச் சஞ்சிகையில் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் மத்திய கிழக்கின் பழைய அதிர்வுகளை ஆராய்ந்தவர்கள் அதை ஒரு மூலாதாரமாகவே பயன்படுத்தினார்கள். கருவி இல்லாத காலத்து அதிர்வுக்கு எழுத்துத்தான் கருவி. ஓர் இடத்தில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெரிய அதிர்வு வருகிறது என்று கணிக்க, நூறு இருநூறு வருடத்துக் கருவிப் பதிவு போதாது. அங்கேதான் பழைய வரலாற்றாசிரியர்களின் ஒரு வரிக் குறிப்புக்கும் விலை இருக்கிறது.

ஜப்பானில் ஆடியது ஜெர்மனியில் பதிந்தது

1889 ஏப்ரல் 17ஆந் திகதி ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் ரெபோயர்-பாஷ்விட்ஸ் என்பவருடைய நுட்பமான ஊசல் காரணம் தெரியாமல் அசைந்தது. அதே நேரத்துக்குக் கொஞ்சம் முன் டோக்கியோவில் பூமியதிர்ச்சி ஏற்பட்டது என்று அவர் பிறகு வாசித்தார். ஓர் ஊரின் அதிர்வு பூமிக்குள்ளால் பயணம் செய்து இன்னொரு கண்டத்தில் பதியும் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

ஜப்பானில் வேலை செய்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய ஜோன் மில்ன், தன் கருவிகளைப் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகள் எங்கும் வைக்கச் செய்து, பதிவுகளைத் தன்னிடம் அனுப்பச் சொன்னார். 1897 ஜூன் 12ஆந் திகதி அஸ்ஸாமைப் பேரதிர்ச்சி உலுக்கிய பின் இந்தியாவிலும் இந்த வேலை சூடு பிடித்தது. 1898 டிசம்பரில் கல்கத்தா அலிப்பூரில் நிலையம் தொடங்கியது. பம்பாயிலும் கொடைக்கானலிலும் அடுத்தடுத்து மில்ன் கருவிகள் வந்தன.

1960களில் இதற்குப் பணம் கொட்டியது வேறொரு காரணத்துக்காக. நிலத்துக்கடியில் யார் அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறார்கள் என்பதை அறிய அமெரிக்கா ஒரே மாதிரியான கருவிகளைப் பல நாடுகளில், நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தது. குண்டைப் பிடிக்க வைத்த வலையில் பூமியதிர்ச்சிகளும் விழுந்தன. பூமியின் மேலோடு தட்டுத் தட்டாக உடைந்திருக்கிறது, அந்த விளிம்புகளில்தான் பெரும்பாலான அதிர்வு என்ற உண்மை அந்தப் பதிவுகளால் உறுதியானது. பின்னாளில் அதன் இடத்தை எடுத்த உலக அதிர்வு வலையமைப்பின் ஒரு நிலையம்தான் 2000ஆம் ஆண்டில் பல்லேகலைக்கு வந்தது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகமும் அதில் சம்பந்தப்பட்டவை. கெலிஓயாவில் பஸ் ஏறினால் பேராதனை, கண்டி தாண்டிப் போய்விடக்கூடிய தூரம்.

ஒரு நிலையம் போதாது

இடம் கண்டுபிடிப்பது எப்படி? பிள்ளைகளுக்கு மின்னலையும் இடியையும் வைத்துச் சொல்லலாம். மின்னல் முதலில் தெரியும், இடி பிந்திக் கேட்கும். இடைவெளி கூடக் கூடத் தூரம் கூட. பூமியதிர்ச்சியிலும் வேகமான அலை முதலில் வரும், மெதுவானது பிந்தும். இரண்டுக்கும் இடையிலான செக்கன்களை ஏறத்தாழ எட்டால் பெருக்கினால், பக்கத்து அதிர்வு எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் என்று உத்தேசமாகத் தெரியும். ஆனால் எந்தத் திசை? ஒரு நிலையம் தூரத்தைச் சொன்னால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம். மூன்று நிலையங்களின் வட்டங்கள் வெட்டும் புள்ளிதான் இடம். பெரும் அதிர்வானால் உலகத்து நிலையங்கள் எல்லாம் சேர்ந்து சொல்லிவிடும். சின்ன அதிர்வானால் பக்கத்து நிலையங்கள்தான் தஞ்சம். 2004இல் இந்த நாட்டில் அந்த வலையமைப்புக்கு இருந்தது பல்லேகலை ஒன்றுதான்.

"இலங்கையில் பூமியதிர்ச்சி வராது" என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம். தட்டின் விளிம்பு நமக்குத் தூரம் என்பது உண்மைதான். ஆனால் 1615 ஏப்ரல் 14இல் கொழும்பில் பெரும் அதிர்வு ஏற்பட்டு ஏறத்தாழ 2,000 பேர் இறந்ததாகப் போர்த்துக்கேயர் எழுதிய குறிப்பொன்று உண்டு. 1883 ஆகஸ்ட் 27இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது காலியில் கடல் உள்வாங்கிப் படகுகள் தரைதட்டியதை அக்காலத்துப் பத்திரிகை பதிவு செய்தது. கடல் உள்வாங்கினால் திரும்பி வரும் என்ற பாடம் அந்தப் பத்திரிகையின் பழைய தாள்களில் இருந்தது. 121 வருடத்துக்குப் பின், வற்றிய கடலில் மீன் பொறுக்கப் போன பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை.

ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையமும் அதிர்வு நடந்து 15 நிமிஷத்தில் ஓர் அறிவித்தல் விட்டது. ஆனால் அதில் அளவு 8.0 என்றிருந்தது. பின்னர் கணிக்கப்பட்ட அளவு 9.1. ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும் என்பதை நினைத்தால் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று விளங்கும். பாறை 1,200 கிலோமீற்றருக்கு மேல் பிளந்தது. பிளந்து முடியவே எட்டு, பத்து நிமிஷம் சென்றது. தவிர, இந்து சமுத்திர நாடுகளில் யாரிடம் சொல்வது என்ற பட்டியலும் அவர்களிடம் இருக்கவில்லை.

பின்னர் நடந்தவை

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. ஹக்மனவிலும் மஹகனதராவயிலும் ஜெர்மன் உதவியுடன் அதிர்வு நிலையங்கள் வந்தன. அம்பாறைப் பக்கம் புத்தங்கலவிலும் ஒன்று. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கைத் தகவலைத் தருகின்றன. இங்கே அதை வாங்கிப் பார்ப்பது வளிமண்டலவியல் திணைக்களம்.

அடுத்த வருடமே சோதனை வந்தது. 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை பிற்பகல் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்வு. இந்தத் தடவை எச்சரிக்கை வந்தது. கரையோரச் சனம் மேட்டு நிலத்துக்குப் போனது. பாறை மேல்கீழாக அசையாமல் பக்கவாட்டில் நகர்ந்தபடியால் பெரிய அலை எழவில்லை. "சும்மா ஓட வச்சிட்டாங்க" என்று சிலர் முணுமுணுத்தாலும், 2004இல் அறுந்திருந்த கயிறு அன்று கட்டப்பட்டிருந்தது.

திகனயின் சத்தம்

2020 ஆகஸ்ட் 29 இரவு, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகன, ஹாரகம, அனுரகம பக்கத்து மக்கள் பெரிய சத்தத்தையும் அதிர்வையும் உணர்ந்தார்கள். சில வீட்டுச் சுவர்களில் வெடிப்பு. சில நாட்களில் மறுபடியும். நவம்பரிலும் டிசம்பரிலும் திரும்ப. அளவு ரிச்டர் 2ஐ ஒட்டித்தான். திகன என்றாலே 2018 மார்ச் மாதத்தை நினைத்துப் பதறுகிற நமக்கு இது வேறு விதமான பயம்.

அணைக்கட்டு உடையப் போகிறதா? சுண்ணக்கல் அகழ்வதாலா? நிலத்தடிக் குகை இடிந்ததா? கல் உடைக்கும் வெடியா? கடைத்தெருவிலும் கைத்தொலைபேசியிலும் இதே பேச்சு. அணைக்குப் பாதிப்பில்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். நீர்த்தேக்கமும் அதிர்வும் தொடர்புபடலாம் என்பது கட்டுக்கதையும் அல்ல. மகாராஷ்டிராவின் கொய்னா அணைப் பக்கம் 1967 டிசம்பர் 11இல் ஏற்பட்ட அதிர்வு ஏறத்தாழ 180 பேரைக் கொன்றது, அணையில் தேங்கிய நீரோடு அதை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். ஆனால் கொய்னாவில் நடந்ததால் இங்கேயும் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. தீர்மானிப்பதற்கு வேண்டியது பல வருடப் பதிவு: எந்த நாள், எந்த நேரம், அன்று நீர்மட்டம் எவ்வளவு, எந்தெந்த ஊருக்குத் தெரிந்தது. இத்தனை சின்ன அதிர்வு தூரத்து நிலையங்களில் தெளிவாகப் பதியாது. அப்போது ஊர்மக்களின் சாட்சியம் வெறும் பேச்சல்ல, தரவு. பக்தாதிக்கு ஹமாவிலிருந்து வந்த கடிதத்தைப் போல.

சாட்சியம் என்றால் முறையாக இருக்க வேண்டும். "பயங்கரமா ஆடிச்சு" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மணி எத்தனை, எத்தனை செக்கன், சத்தம் முன்னா பின்னா, வீட்டுக்குள் இருந்தாரா வெளியிலா, தொங்குகிற விளக்கு ஆடியதா, எந்தச் சுவர் எந்தப் பக்கம் வெடித்தது: இவ்வளவும் இருந்தால் அது பதிவு. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் யார், நேரில் கேட்டாரா, யாரிடம் கேட்டார் என்று துருவித் துருவி விசாரித்த சமூகம் நாம். நமக்கு இந்த ஒழுங்கு அந்நியமானது அல்ல.

நம் கையில் இருப்பது

2025 மார்ச் 28, ரமழானின் கடைசி வெள்ளி. மியன்மாரின் சகாயிங், மண்டலே பக்கத்தில் 7.7 அளவில் பூமி குலுங்கியது ஜும்ஆ நேரத்தில். பழைய பள்ளிவாசல்கள் பல இடிந்து, தொழ வந்த நூற்றுக்கணக்கானோர் மௌத்தானார்கள். பூமியதிர்ச்சி எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகில் எவராலும் இன்னும் முடியாது. சொல்கிறேன் என்று வருகிற குரல் பதிவுகளை நம்பிக் கலவரப்படத் தேவையில்லை. வந்த அதிர்வை அறிந்து, கடல் வரும் முன் சனத்தை நகர்த்தலாம். கட்டடத்தைப் பலமாகக் கட்டலாம். மனிதனால் ஆகக்கூடியவை இவை.

கிழக்கில் 2004இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார். அவருடைய பிள்ளைகளுக்கு அந்தக் காலை ஒரு கதை. இன்னும் இருபது வருடத்தில் காலியின் 1883ஆம் ஆண்டுச் செய்தியைப் போல அதுவும் மறந்துபோகலாம். ஒவ்வொரு கரையோரப் பள்ளிவாசலும் தன் ஊரில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எந்தச் சுவரில் எத்தனை அடி உயரத்துக்கு நின்றது, எந்தத் தெருவால் ஓடியவர்கள் தப்பினார்கள் என்பதை, கண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே நிர்வாகப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். பாங்கு சொல்லும் ஒலிபெருக்கி எச்சரிக்கைக்கும் பயன்படலாம். யார் தகவல் பெறுவது, யார் ஒலிபெருக்கியை எடுப்பது என்று இரண்டு பேரின் பெயராவது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

மலையகத்தில் நாம் செய்யக்கூடியது இன்னும் இலேசு. விக்டோரியாவைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இங்கே உடுநுவரப் பக்கத்திலும் பாடசாலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு லொக் புத்தகம் இருக்கிறது. அதிர்வு உணரப்பட்டால் அன்றைக்கே அதில் ஒரு பந்தி எழுதி, ஒரு பிரதியைப் பணியகத்துக்கும் அனுப்பலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. உயர்தரப் பிள்ளைகளை அழைத்துப்போக அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சுயூத்தி இமாமின் அந்த நூலுக்கும் ஒரு நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும். அரபு மத்ரஸாவில் ஓதிய ஒருவரும் புவிச்சரிதவியல் படித்த ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அப்படி இரண்டு பேர் நம் சமூகத்தில் இல்லாமல் இல்லை.